அமேதியின் சாரஸ் கொக்கு: ஒட்டுதல் உண்டான விதமும் பிரித்த விதமும்

2022 பிப்ரவரியில், உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில், கால் முறிந்து வயலில் கிடந்த சாரஸ் கொக்கு ஒன்றை ஒரு விவசாயி வீட்டுக்குத் தூக்கிவந்தார். மஞ்சளும் கடுகெண்ணெயும் பூசி, குச்சி வைத்துக் கட்டுப் போட்டார். சில வாரங்களில் கால் கூடியது. பறவையை அவர் கூண்டில் அடைக்கவில்லை, கயிற்றில் கட்டவும் இல்லை. குணமானால் தானே போய்விடும் என்று விட்டுவிட்டார். அது போகவில்லை. அவர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் கூடவே பறந்தது. அவர் சாப்பிடும் தட்டிலேயே வாய்வைத்தது. வெளியே போய் மேய்ந்தாலும் அவர் வீட்டுக்கே திரும்பியது. ஓராண்டுக்கு மேல் இப்படியே ஓடியது. 2023 தொடக்கத்தில் இந்தக் காணொளிகள் நாடெங்கும் பரவின.

மார்ச் 21 அன்று வனத்துறை வந்து பறவையை எடுத்துச் சென்று, ரேபரேலி மாவட்டத்தின் சமஸ்பூர் பறவைகள் சரணாலயத்தில் விட்டது. அங்கே அது நிற்கவில்லை. சரணாலயத்துக்கு வெளியே, பக்கத்துக் கிராமத்தில் தென்பட்டது. மார்ச் 25 அன்று அதைக் கான்பூர் விலங்குக் காட்சிசாலைக்குக் கொண்டுபோனார்கள். விவசாயிக்கு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் நோட்டீஸ் போனது. ஏப்ரல் 11 அன்று அவர் காட்சிசாலைக்கு வந்தபோது, வலைக்கு உள்ளே பறவை சிறகடித்துத் துள்ளிய காட்சியைப் பார்த்து மனம் இளகாதவர்கள் குறைவு.

அதன்பின் நடந்த விவாதம் பெரும்பாலும் அன்பா சட்டமா என்ற ஒரே கேள்வியில் சிக்கிக்கொண்டது. பறவைகளை மீட்டுப் பராமரிப்பவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு. இந்த ஒட்டுதல் எந்த வாரங்களில், எதனால் உண்டானது? உண்டான பிறகு அதைப் பிரித்த முறை சரியா? முதல் கேள்விக்குக் கிடைக்கும் பதில் அந்த விவசாயியைக் குற்றவாளி ஆக்குவதில்லை. இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான பிழை இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

எந்தப் பறவை

நம் வயல்களில் மாட்டின் பின்னால் நடக்கும் வெள்ளைக் கொக்குக்கும் சாரஸுக்கும் குடும்பமே வேறு. சாரஸ் தமிழ்நாட்டில் இல்லாத பறவை. கங்கைச் சமவெளிதான் அதன் பெரிய இருப்பிடம். உத்தரப் பிரதேசத்தின் மாநிலப் பறவையும் அதுவே. பறக்கும் பறவைகளில் உலகிலேயே உயரமானது; நிமிர்ந்து நின்றால் 1.8 மீட்டர் வரை, அதாவது ஓர் ஆளின் உயரம். எடை 7 கிலோவை ஒட்டி இருக்கும். சாம்பல் நிற உடல், சிவந்த தலையும் மேல்கழுத்தும்.

இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள அதன் வாழ்க்கைமுறையில் மூன்று செய்திகள் முக்கியம். ஒன்று, அது மனிதர்களை ஒட்டி வாழும் பறவை. உத்தரப் பிரதேசத்துச் சாரஸ்கள் காப்புக்காட்டில் ஒதுங்கி வாழ்வதில்லை; நெல்வயல், குட்டை, வாய்க்கால் ஓரம்தான் அவற்றின் வீடு. உழுபவரும் நடவு செய்பவரும் பக்கத்திலேயே இருப்பார்கள். இரண்டு, நீண்டகால இணை. ஆணும் பெண்ணும் சேர்ந்து அடைகாக்கும், சேர்ந்தே குரல் எழுப்பும், ஆணின் ஒரு குரலுக்குப் பெண் இரண்டு குரல் கொடுக்கும், சேர்ந்தே ஆடும். நாளின் பெரும்பகுதி துணையின் பார்வைக்குள்ளேயே கழியும். மூன்று, குஞ்சு பல மாதங்கள் பெற்றோருடனேயே நடந்து மேயக் கற்கும். ஆக, தனியாக வாழும் பழக்கம் இந்தப் பறவைக்கு எந்த வயதிலும் இல்லை. இணை சேராத இளம் பறவைகள்கூடக் கூட்டமாகத்தான் திரியும். அப்படிப்பட்ட ஒன்று, கால் முறிந்து, தன் இனத்தைப் பார்க்காமல் வாரக்கணக்கில் ஒரே மனிதரோடு இருந்திருக்கிறது.

இது குஞ்சுப் பருவத்துப் பதிவு இல்லை

காணொளிகள் பரவியபோது பலரும் இதை ‘இம்பிரிண்டிங்’ என்றார்கள். முட்டையை விட்டு வெளிவந்த குஞ்சு, முதல் சில மணிகளிலும் நாட்களிலும் தன்முன் நடமாடும் உருவத்தைத் தாயாகப் பதித்துக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். கொன்ராட் லோரன்ஸ் 1930களில் சாம்பல் வாத்துக் குஞ்சுகளைக் கொண்டு விளக்கியது இதையே. அப்படிப் பதிந்த குஞ்சுகளில் பல, வளர்ந்த பிறகும் மனிதரையே துணையாகத் தேடும்.

கொக்குகளில் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு டெக்ஸ் என்ற பெண் வூப்பிங் கொக்கு. 1967இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ விலங்குக் காட்சிசாலையில் பொரித்து, மனிதக் கையில் வளர்ந்தது. வளர்ந்தபின் ஆண் கொக்குகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விஸ்கான்சின் மாநிலம் பராபூவில் உள்ள சர்வதேசக் கொக்கு அறக்கட்டளையின் நிறுவனர்களில் ஒருவரான ஜார்ஜ் ஆர்ச்சிபால்ட், 1976 முதல் அதன் துணையாக இருந்து, அதோடு ஆடி, கூடு கட்டி, செயற்கைக் கருவூட்டலுக்கு அதைத் தயார்ப்படுத்தினார். பல பருவங்கள் தோற்று, 1982இல்தான் ஒரு குஞ்சு பொரித்தது. வூப்பிங் கொக்குகள் அழிவின் விளிம்பில் இருந்த காலம் என்பதால் அந்த உழைப்பு தேவைப்பட்டது.

அமேதிப் பறவை இந்த வகையில் சேராது. சாரஸ் குஞ்சுக்கும் ஓராண்டுக்குள் இருக்கும் இளம் பறவைக்கும் தலையில் செம்பழுப்பு இறகு மூடியிருக்கும். வளர்ந்த பிறகே இறகற்ற சிவந்த தோல் வரும். காணொளிகளில் இருந்தது சிவந்த தலை. அது இயற்கையில் தன் பெற்றோரிடம் வளர்ந்து, சாரஸ் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு, பறக்கவும் மேயவும் பழகிய பிறகே மனிதரிடம் வந்திருக்க வேண்டும். இந்த வேறுபாடு ஏட்டளவானது இல்லை. குஞ்சில் பதிந்ததைப் பின்னால் அழிப்பது மிகக் கடினம். வளர்ந்த பறவைக்கு வந்த ஒட்டுதல் அப்படியில்லை; தன் இனத்தின் அடையாளம் அதன் உள்ளே இருக்கிறது. சரியான நிலத்தில், சரியான துணையோடு, போதிய காலம் கொடுத்தால் திரும்புவதற்கு வழி உண்டு.

வளர்ந்த வயதிலும் ஒட்டுதல் எவ்வளவு ஆழமாகப் போகும் என்பதற்கு வால்நட் என்ற வெண்பிடரிக் கொக்கு சான்று. 1981இல் பராபூவில் பொரித்து, கையில் வளர்ந்த பறவை அது. 2004இல் வர்ஜீனியாவின் ஃபிரண்ட் ராயலில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உயிரினப் பாதுகாப்பு மையத்துக்கு வந்தபின், அங்கிருந்த பராமரிப்பாளர் ஒருவரைத் துணையாக ஏற்றுக்கொண்டது. 2024 ஜனவரியில் 42 வயதில் இறக்கும் வரை அந்தப் பிணைப்பு நீடித்தது. கையில் வளர்ந்ததால் மனிதர் பக்கம் சாய்ந்திருந்தாலும், குறிப்பிட்ட அந்த ஒருவரை அது தேர்ந்தது இருபது வயது கடந்த பிறகு. கொக்கின் மனம் ‘மனிதர்’ என்று பொதுவாக ஒட்டுவதில்லை, ஒரு ஆளோடு ஒட்டும். மற்றவர்களைக் கொத்தி விரட்டுவதும் அதன் மறுபக்கம்தான். அமேதிப் பறவைக்கு மாற்று மனிதர்களைக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை.

கால் கூடிய வாரங்கள்

கட்டுப் போட்டது சரியான செயல். காலை முறிந்தபடியே விட்டிருந்தால் நாய்க்கோ நரிக்கோ இரையாகியிருக்கும். எலும்பைக் கூட்டியது மஞ்சளோ எண்ணெயோ இல்லை, குச்சியும் கட்டும்தான். முறிந்த முனைகள் அசையாமல் நின்றால் பறவை எலும்பு பாலூட்டி எலும்பைவிட விரைவாகக் கூடும். தோல் கிழியாத, நேரான முறிவில் மூன்று வாரத்தில் உறுதியான தழும்பு எலும்பு பிடித்துவிடும். எண்ணெயால் ஒரு கெடுதலும் உண்டு. அது இறகில் பரவினால் இறகுகளின் பின்னல் ஒட்டிப்போய், குளிரும் நீரும் தோல்வரை இறங்கும். நீண்ட காலின் இறகற்ற பகுதியில் பூசியதால் இங்கே தப்பியது. வயிற்றிலோ இறக்கையிலோ பூசியிருந்தால் கதை வேறு.

நெட்டைக்கால் பறவைகளில் முறிவைவிட ஆபத்தானது பிடிக்கும்போது வரும் தசைச் சிதைவு. துரத்திப் பிடித்து, கால்களை மடக்கி அழுத்தி, நீண்டநேரம் உதறவிட்டால் தொடைத் தசைகள் சிதைந்து, நல்ல காலும் நிற்காமல் போகும். சில மணிகளிலேயே தெரியலாம், ஒன்றிரண்டு நாள் கழித்தும் தெரியலாம். அதனால் பிடிக்கும் வேலை சில நிமிடங்களில் முடியவேண்டும். இருவர் வேண்டும். ஒருவர் முதலில் தலையில் மெல்லிய இருட்டுத் துணியை மூடி அலகைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். சாரஸ் அலகு நேராகக் கண்ணைத் தேடும், கண்ணாடி அணியாமல் கிட்டப் போகக்கூடாது. மற்றவர் உடலைப் பக்கவாட்டில் அணைத்து, இறக்கைகளை உடலோடு ஒட்டிப் பிடித்து, கால்களை நடு மூட்டுக்கு மேலே, இரு கால்களுக்கும் நடுவே ஒரு விரலைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். விரல் கொடுக்காவிட்டால் மூட்டுகள் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.

கட்டுப் போடுவதில் கவனிக்க வேண்டியது: முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டு அசையாதபடி குச்சி நீள வேண்டும், குச்சிக்கும் தோலுக்கும் நடுவே பஞ்சு வேண்டும். விரல்கள் வீங்கினாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுக்கம். அன்றே அவிழ்த்துக் கட்ட வேண்டும். நல்ல கால் முழுப் பாரத்தையும் தாங்குவதால் அதன் அடிப்பாதத்தில் புண் வரும். சிமெண்ட் தரையில் இது நிச்சயம். வைக்கோல் பரப்பிய மண் தரை வேண்டும். மனிதருக்கான வலி மாத்திரை எதையும் நசுக்கிக் கொடுப்பது கொலைக்குச் சமம். டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஏற்றிய மாடுகளின் பிணத்தைத் தின்று இந்தியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. அதனால்தான் 2006இல் கால்நடைக்கு அதைத் தடைசெய்தார்கள். மருந்தைக் கால்நடை மருத்துவர் தீர்மானிக்க வேண்டும்.

தீனி அடுத்த சிக்கல். சாரஸ் வயலில் தின்பது கோரைக் கிழங்கு, தானியம், பூச்சி, நத்தை, தவளை, சிறு மீன். ஊறவைத்த கோதுமை, நெல், சிறு மீன் கொடுத்தால் போதும். ரொட்டியும் பருப்புச் சோறும் உடனே கொன்றுவிடாது. ஆனால் தீனி வரும் இடம் ஒரு மனிதரின் கை என்றானால், பறவையின் நாள் முழுவதும் அந்தக் கையைச் சுற்றியே அமையும்.

ஒட்டுதல் வேர்பிடித்தது இங்கேதான். வலி, அசைய முடியாமை, துணை இல்லாமை, தீனியும் பாதுகாப்பும் ஒரே முகத்திலிருந்து வருவது, இவை நான்கும் ஒரே சமயத்தில் கூடின. தீனி மட்டும் காரணமாக இருந்திருந்தால், கால் குணமாகி வயலில் தானே மேயத் தொடங்கியதும் பிடிப்பு தளர்ந்திருக்கும். தளரவில்லை. வண்டியின் வேகத்துக்கு ஈடாகப் பறந்து வந்த பறவை இரைக்காக வரவில்லை. துணையைப் பார்வைக்குள் வைத்திருக்கும் சாரஸின் இயல்பு அது.

தடுக்கும் வழி எளிது, முதல் நாளிலிருந்தே செய்தால். தங்கும் இடத்தைச் சாக்குத் திரையால் மறைக்க வேண்டும். தீனித் தட்டைத் திரைக்கு அடியால் தள்ள வேண்டும், கையால் ஊட்டக் கூடாது. கிட்டப் போகும்போது பேசக் கூடாது. போர்வை போர்த்தி முகத்தையும் உருவத்தையும் மறைத்தால் இன்னும் நல்லது. பராபூவில் கொக்குக் குஞ்சு வளர்ப்பவர்கள் உடல் முழுவதும் வெள்ளை அங்கி அணிந்து, கையில் கொக்குத் தலைப் பொம்மை மாட்டி, மனிதக் குரலே காட்டாமல் வளர்ப்பது இதற்காகவே. வளர்ந்த பறவைக்கு அவ்வளவு வேண்டாம். காட்டுச் சாரஸ்கள் மேயும் வயல் கண்ணுக்குத் தெரியும்படி அடைப்பை அமைப்பதுதான் அதிகப் பலன் தரும்.

ஊர்க்காரர் ஒருவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. பக்கத்து ஊரில் யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்; அப்படிச் சொல்லும் ஏற்பாடு மாவட்ட அளவில் இல்லாததுதான் குறை. வனவிலங்குச் சட்டம் 1972இன் 39ஆம் பிரிவு, காட்டுயிர் கையில் வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்கச் சொல்கிறது. வயலில் அடிபட்ட பறவையைத் தூக்குபவர்கள் இந்த ஒரு விதியை மட்டுமாவது அறிந்திருக்க வேண்டும். நோக்கம் நல்லதாக இருந்தாலும் காலக்கெடு கடந்தால் வழக்கு வரும்.

மார்ச் 21 முதல் 25 வரை

பறவையை அப்படியே விட்டுவைத்திருக்கலாமா? கூடாது என்றே சொல்வோம். மனிதரை அஞ்சாத பெரும்பறவைக்கு வண்டி, நாய், கல்லெறிபவர் எல்லாமே ஆபத்து. சாரஸ்களை அதிகம் கொல்பவற்றில் மின்கம்பிகளும் உண்டு; சாலையோரமாக வண்டியின் பின்னால் பறக்கும் பறவை கம்பிகளுக்கு நடுவேதான் பறக்கிறது. அடைகாக்கும் பருவம் வரும்போது துணை என நினைக்கும் மனிதரின் வீட்டாரையே அது தாக்கக்கூடும். சாரஸ் அழியும் ஆபத்துள்ள இனம் என்ற நிலையில், இனப்பெருக்க வயதுள்ள ஒன்று இணை சேராமல் போவதும் இழப்புதான்.

ஆனால் எடுத்துச் சென்ற முறையில் மூன்று தவறுகள் தெரிகின்றன.

இடத்தையும் ஆளையும் ஒரே நாளில் அறுத்தார்கள். சமஸ்பூர் நல்ல சரணாலயம், ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமும்கூட. ஆனால் அமேதிப் பறவைக்கு அது முன்பின் தெரியாத நீர்நிலை. கதவைத் திறந்து விட்டால் போதும் என்று கருதியது இரண்டாவது தவறு. புதிய இடத்தில் பறவையைப் பல வாரம் அடைப்பில் வைத்து, அந்த மண்ணையும் நீரையும் அங்கு மேயும் கூட்டத்தையும் பார்க்கவைத்து, பிறகே திறப்பதுதான் படிப்படியான விடுவிப்பு. உடனே திறந்தால், பழகிய அடையாளத்தைத் தேடி அது பறக்கும். அதற்குப் பழகிய அடையாளம் மனிதக் குடியிருப்பு. கிராமத்துக்குள் போய் நின்றதில் வியப்பே இல்லை. மூன்றாவது தவறு, முதல் முயற்சி தோற்றதும் கான்பூருக்குக் கொண்டுபோனது. இயற்கையில் பிறந்து, ஓராண்டு கட்டின்றி வாழ்ந்த பறவை, நான்கே நாளில் வலைக்குள் போயிற்று. காட்சிசாலை நோய்த்தடுப்புக்காகத் தனிமையில் வைத்தது விதிப்படி சரி. ஆனால் தனிமை என்பது இந்த இனத்துக்கு மிகக் கொடிய மருந்து.

ஒட்டிவிட்ட பறவையை எப்படித் திருப்புவது

இதே நிலை வேறோர் ஊரில் வந்தால் எங்கள் பரிந்துரை இது. பறவை ஏற்கெனவே மேயும் வயலுக்குக் கிட்டே, காட்டுச் சாரஸ்கள் வரும் குட்டையின் ஓரமாக, குறைந்தது 15 மீட்டர் நீள அகலத்தில் ஓர் அடைப்பு. வலை துருத்தாமல், கால் நுழையாத கண்ணளவில் இருக்க வேண்டும். ஓரங்களில் இடுப்பு உயரத்துக்குத் தட்டி கட்டினால் ஓடி மோதி அலகு உடையாது. உள்ளே ஒரு பகுதியில் கணுக்கால் அளவு நீர், அதில்தான் நின்று உறங்கும். வளர்த்தவரே பறவையை நடத்திக் கூட்டிவந்து விட வேண்டும். பிடித்து ஏற்றத் தேவையே இராது. தசைச் சிதைவு ஆபத்தும் இல்லை.

முதல் வாரம் அவர் நாளுக்கு இரண்டு முறை வரலாம், ஆனால் தீனி அவர் கையில் இருக்கக் கூடாது. தீனியை அவர் இல்லாத நேரத்தில், நீருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் பரப்பிவைக்க வேண்டும், தேடித் தின்னட்டும். அடுத்த வாரங்களில் அவர் வருகையை ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை என்று குறைத்து, நிற்கும் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு நாளும் எவ்வளவு தின்றது, எத்தனை முறை வலையோரம் ஓடியது, வெளியே சாரஸ் குரல் கேட்டபோது பதில் கொடுத்ததா என்று எழுதிவைக்க வேண்டும். தீனி பாதியாகக் குறைந்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்று பொருள். ஒரு படி பின்வாங்க வேண்டும்.

திறப்பதற்கு ஏற்ற காலம் குளிர்கால முடிவு முதல் கோடைவரை. இணை சேராத பறவைகள் அப்போது கூட்டமாக நிற்கும், புதியதைச் சேர்த்துக்கொள்ளும். மழை தொடங்கியபின் ஒவ்வொரு இணையும் தன் எல்லையைக் காக்கும். புதியதை அடித்து விரட்டும். திறந்த பிறகும் அடைப்பையும் தீனியையும் சில வாரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். காலில் வண்ண வளையம் போட்டுவிட்டால் ஊர்மக்களே பார்த்துச் சொல்வார்கள். அவர்களிடம் முன்கூட்டியே ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தப் பறவைக்கு யாரும் தீனி போடாதீர்கள்.

இவ்வளவும் செய்து தோற்றால், அப்போது காட்சிசாலை. அங்கும் வளர்த்தவரின் வருகையைச் சட்டென்று நிறுத்துவதில் பொருளில்லை. காட்டுக்குப் போகாத பறவைக்கு அந்தப் பிரிவால் எந்த ஆதாயமும் கிடையாது. இணை ஒன்று அமையும் வரை அவர் வந்துபோகட்டும். இணையைச் சேர்ப்பதும் மெதுவாகத்தான்: பக்கத்துப் பக்கத்து அடைப்புகளில், நடுவே வலை மட்டும். இரண்டும் வலையோரம் இணையாக நடந்து, சேர்ந்து குரல் கொடுக்கத் தொடங்கிய பிறகு, ஒரு காலைப் பொழுதில் நடுக்கதவைத் திறக்கலாம். தீனித் தட்டு இரண்டு இடத்தில் இருக்க வேண்டும், ஒன்று மற்றதைப் பட்டினி போடாமலிருக்க. முதல் நாள் முழுவதும் ஓர் ஆள் கையில் தட்டியோடு நிற்க வேண்டும். தொடர்ந்து துரத்திக் கொத்தினால் நடுவில் தட்டியைப் பிடித்துப் பிரித்து, கதவை மூடி, இன்னும் இரண்டு வாரம் கழித்து மறுபடி திறக்க வேண்டும்.